பாலே வகுப்பு உடுப்பு: எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

போன குளிர்காலத்தில் எங்கள் உதவி மேசைக்கு ஒரு சகோதரி வந்திருந்தார். வந்தது மின்கட்டண பாக்கி விஷயமாக. படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். அவருடைய எட்டு வயது மகள் பக்கத்தில் நின்று, குதிகால் இரண்டையும் ஒட்டி, பாதங்களை வெளிப்பக்கமாகத் திருப்பி, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி மெல்ல முழங்காலை மடக்கி மடக்கி நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

"பாலே படிக்கிறாளா?" என்று கேட்டேன்.

"படிச்சா, ராத்தா. இப்ப அவளுக்கே விருப்பமில்லாமப் போயிருச்சு."

பிள்ளை தலையைத் தூக்கி உம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் உண்மை வெளியே வந்தது. வகுப்புக் கட்டணத்தை அந்தச் சகோதரி எப்படியோ சமாளித்து வந்திருக்கிறார். மகள் முதல் கிரேடுக்கு உயர்ந்தபோது வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. புது நிறத்தில் லியோடார்ட், அதற்கு ஏற்ற கார்டிகன், நீளப் பாவாடை, குதிகால் வைத்த காலணி, எல்லாம் ஒரே கடையில், அடுத்த பருவம் தொடங்குவதற்குள். கூட்டிப் பார்த்தால் 80 பவுண்டுக்குப் பக்கம். ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையை நிறுத்திவிட்டார். "எப்படி ராத்தா போய்க் கேக்குறது? அங்க வர்ற மத்த தாய்மார் எல்லாம் எப்படி வர்றாங்க தெரியுமா?"

இங்கிலாந்தில் வாழும் நம் குடும்பங்களில் இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், கராத்தே என்று பல வகுப்புகளில் கட்டணத்தைவிட உடுப்புதான் பிள்ளைகளை வெளியே தள்ளுகிறது. கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே தெரியும். உடுப்புச் செலவு நடுவழியில் வந்து நிற்கும். அதனால் பாலே உடுப்பில் எது எதற்காக, எதை உடனே வாங்க வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நடனம் தங்கள் பிள்ளைக்கு வேண்டுமா வேண்டாமா என்பது அந்தந்த வீட்டார் தீர்மானிக்க வேண்டியது. பிள்ளையை அனுப்புவது என்று முடிவு செய்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உடுப்பின் காரணம் தெரிந்தால் ஆசிரியையிடம் பேசுவது எளிது. லியோடார்ட் என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு சர்க்கஸ் கலைஞர் ழூல் லியோத்தாரிடமிருந்து வந்தது. அந்தரத்தில் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவும்போது துணி எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று உடம்போடு ஒட்டிய உடையை அவர் அணிந்தார். பாலேயில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. முழங்கால் பாதத்தின் நேருக்கு மடங்குகிறதா, இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா, முதுகு வளைகிறதா என்று ஆசிரியை கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும். தொளதொளப்பான சட்டைக்குள் தப்பான அசைவு மறைந்துவிடும். பிற்பாடு வலியாக வெளியே தெரியும். ஆகவே "உடல் கோடு தெரிய வேண்டும்" என்பது நியாயமான தேவை. "இளஊதா நிறம்தான் வேண்டும், மார்பில் பள்ளியின் சின்னம் இருக்க வேண்டும்" என்பது அந்தப் பள்ளியின் விருப்பம். இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிக்க இடம் கிடைப்பது இரண்டாவதில்தான்.

முதல் சில வாரங்களுக்கு எதுவுமே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. பல பள்ளிகள் ஒரு வகுப்பை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ முயன்று பார்க்க விடுகின்றன. அதற்கு லெக்கிங்ஸும் ஒட்டிய டி-ஷர்ட்டும் வெறுங்காலும் போதும். பிள்ளை ஆறு வாரம் தொடர்ந்து ஆர்வத்தோடு போனால் காலணி வாங்கலாம். லியோடார்ட் அதற்குப் பிறகு. கார்டிகன், சுற்றுப்பாவாடை, பெயர் அச்சிட்ட பை ஆகியவை இல்லாமலே ஒரு வருடம் ஓட்டலாம். வீட்டில் இருக்கும் ஸ்வெட்டர் வகுப்பறை வரைக்கும் குளிர் தாங்கும். பையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கடைப் பை போதும்.

காலணியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அதற்காக விலை உயர்ந்ததும் வேண்டாம். தொடங்கும் பிள்ளைக்கு முழு அடித்தோல் வைத்த தோல் காலணிதான் நல்லது. ஏறக்குறைய 10 முதல் 18 பவுண்டுக்குள் கிடைக்கும். பளபளப்பான சாட்டின் காலணியைப் பார்த்ததும் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஆனால் அது சீக்கிரம் தேயும், வழுக்கும், அழுக்கானால் போகாது. மேடைக்கு வேண்டும் என்று ஆசிரியை சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். கேன்வாஸ் காலணியைத் துவைக்கலாம் என்றாலும் தோலளவு உழைக்காது.

"வளரும் பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோம்" என்ற நம் வீட்டு வழக்கம் இங்கே உதவாது. விரல்கள் மடங்காமல் நீட்டியபடி, முன்னால் இடைவெளி இல்லாமல் காலணி பாதத்தோடு ஒட்ட வேண்டும். பெரிய காலணி தட்டிவிடும். முன்பக்கக் கயிற்றை இழுத்து அளவாக்கி, முடிச்சுப் போட்டு, மிச்சத்தை உள்ளே செருகிவிட வேண்டும். எலாஸ்டிக் தைக்காமல் வரும் காலணியாக இருந்தால் கடையில் காசு கொடுத்துத் தைக்க வேண்டாம். காலணியின் பின்புறத்தை உட்பக்கமாக மடியுங்கள். மடிப்பு விழும் இரண்டு ஓரங்களும்தான் எலாஸ்டிக் வைக்க வேண்டிய இடம். ஊசி நூலோடு ஐந்து நிமிட வேலை. தைக்கும்போது உள்ளே ஓடும் அந்தக் கயிற்றைக் குத்திவிடாதீர்கள், பிறகு இழுக்க வராது.

லியோடார்டில் நிலைமை வேறு. சிறிது தளர்வாக வாங்கலாம், தோள்பட்டையைக் கொஞ்சம் மடித்துத் தைத்துவிட்டு, பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். வயதைப் பார்த்து வாங்குவதைவிட அளவெடுத்து வாங்குவது நல்லது. ஒரு தோளிலிருந்து முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கு நடுவே சென்று, முதுகு வழியாக அதே தோளுக்கு நாடாவைக் கொண்டுவந்தால் கிடைக்கும் சுற்றளவுதான் முக்கியம். நம் பிள்ளைகளில் பலர் ஒல்லியாக, உயரமாக இருப்பார்கள். ஒன்பது வயது என்று எழுதியிருப்பதை வாங்கி, தோள் இழுத்துப் பிடித்து, இரண்டு மாதத்தில் ஒதுக்கிய கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். துவைத்ததும் ரேடியேட்டர் மேல் போடாதீர்கள். டிரையரும் ஆகாது. சூடு பட்டால் லைக்ரா தளர்ந்துவிடும். குளிர்ந்த நீர், நிழல் காய்ச்சல் இரண்டும் சேர்ந்தால் ஒரே லியோடார்டை அக்காவுக்குப் பின் தங்கைக்கும் போடலாம்.

இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கென்று வடிவமைத்த உடைக்கும் காலணிக்கும் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. அதே பொருள் பெரியவர் அளவுக்குப் போனால் 20 சதவீத வரி சேர்ந்துவிடும். வளர்ந்த பிள்ளையின் அளவு எல்லையில் இருந்தால், பெரியவர்களுக்கான மிகச் சிறிய அளவை எடுப்பதற்கு முன் பிள்ளைகளுக்கான மிகப் பெரிய அளவு பொருந்துகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

இனி டைட்ஸ். சின்னப் பிள்ளைகளுக்குப் பாலே சாக்ஸ் போதுமா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் போதும் என்பார்கள், விலையும் குறைவு. டைட்ஸ்தான் வேண்டும் என்றால் அடிப்பாதத்தில் திறப்பு உள்ளதை வாங்குங்கள். காலணி இல்லாத வகுப்புக்கு அதையே மேலே சுருட்டிவிட்டுப் போடலாம். நிறம் பற்றியும் கேட்கத் தயங்க வேண்டாம். இளஞ்சிவப்பு டைட்ஸ் ஐரோப்பியரின் தோல் நிறத்தை ஒட்டி வந்த வழக்கம். காலும் காலணியும் ஒரே கோடாகத் தெரிவதற்காக வெள்ளையரல்லாத நடனக் கலைஞர்கள் தங்கள் காலணிக்கு முகப்பூச்சைத் தடவி நிறம் மாற்றி வந்தார்கள். அந்தப் பூச்சுச் செலவும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. பிளாக் பாலே என்ற குழுவோடு சேர்ந்து ஃப்ரீட் ஆஃப் லண்டன் நிறுவனம் பழுப்பு நிறப் பாயின்ட் காலணிகளை 2018இல்தான் கொண்டுவந்தது. ஆகவே "என் மகளின் தோல் நிறத்தில் டைட்ஸ் போடலாமா?" என்பது இன்று யாரும் புருவம் உயர்த்தும் கேள்வியில்லை. ஆசிரியை சம்மதித்தால் பழைய இளஞ்சிவப்பு டைட்ஸைக் கடுஞ்சாயத் தேநீரில் ஊறவைத்தே பழுப்பாக்கலாம். நைலான் தேயிலைச் சாயத்தை நன்றாகப் பிடிக்கும். நடனக் கலைஞர்களே செய்யும் வேலைதான் அது.

உடல் மறைப்பு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். முழுக்கை லியோடார்ட், கறுப்பு லெக்கிங்ஸ், முழங்காலுக்கு மேல் நிற்கும் மெல்லிய சுற்றுப்பாவாடை, தலைக்கு ஒட்டிய விளையாட்டு ஹிஜாப் ஆகியவற்றைப் பல ஆசிரியைகள் ஏற்கிறார்கள். முழங்காலின் அசைவு தெரிய வேண்டும் என்பதே அவர்கள் கவலை. லெக்கிங்ஸில் அது தெரியும். கேட்பதை வாய்ச்சொல்லாக விடாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சேவை வழங்கும் தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். சட்டத்தை முன்னே நீட்டிப் பேச வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. லண்டனில் முஸ்லிம் பிள்ளைகளை மனதில் வைத்தே 2019இல் கிரேஸ் அண்ட் பாய்ஸ் அகாடமி தொடங்கப்பட்டது. அங்கே இசைக்குப் பதிலாகக் கவிதையை வாசித்து அதன் தாளத்துக்குப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். லெக்கிங்ஸும் முழுக்கையும் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பொருள்கள் என்பதால் செலவும் குறைகிறது.

கிரேடு தேர்வுகள் தொடங்கும்போதுதான் செலவு ஒரேயடியாக ஏறும். ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் 1920இல் தொடங்கிய அமைப்பு. இங்கே பல பாலே பள்ளிகள் அதன் பாடத்திட்டத்தைத்தான் நடத்துகின்றன. அதில் முதல் கிரேடிலிருந்து 'கேரக்டர்' நடனம் சேர்கிறது. கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்புற நடனங்களை ஒட்டிய பகுதி அது. அதற்குத்தான் அந்த நீளப் பாவாடையும் குதிகால் காலணியும். பாவாடை வட்ட வெட்டில் தைத்த கறுப்புத் துணி, அடியில் வண்ண ரிப்பன்கள். தையல் தெரிந்த எந்தப் பெரியம்மாவும் ஒரு மாலையில் தைத்துவிடுவார். இடுப்பில் எலாஸ்டிக்கும், கீழே நல்ல மடிப்பும் விட்டால் மூன்று வருடம் போகும். ரிப்பன்களை எந்த இடைவெளியில் தைப்பது என்று ஒரு பழைய பாவாடையை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். குதிகால் காலணி வாரத்தில் சில நிமிடங்களே காலில் ஏறுவதால் பயன்படுத்தியவையே புதிது போல இருக்கும். அதைப் புதிதாக வாங்குவது வீண்.

பயன்படுத்தியவற்றுக்கு முதல் இடம் அதே பள்ளியின் மேல்வகுப்புப் பெற்றோர். கடந்த வருடம் அதே நிறம் போட்ட பிள்ளை அங்கே இருப்பாள். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் "சின்னதாகிப் போன லியோடார்ட் யாரிடமாவது உண்டா?" என்று ஒருவர் கேட்டால், பின்னாலேயே இன்னும் நாலு பேர் கேட்பார்கள். வெட்கப்பட்டவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை என்பது அப்போது தெரியும். விண்டெட், ஈபே, அறக்கட்டளைக் கடைகள் அடுத்தது. சின்னம் தேவையில்லை என்றால் டெகாத்லானிலும் சூப்பர் மார்க்கெட் உடைப் பகுதியிலும் சாதாரண லியோடார்ட் மலிவு.

ஒன்றை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது, அதுதான் பாயின்ட் காலணி. விரல் நுனியில் நிற்பதற்கான அந்தக் காலணியின் உட்பகுதி முதலில் போட்டவரின் பாதத்துக்கேற்ப மாறிவிடும். இன்னொருவர் போட்டால் கணுக்கால் பிசகும். பிள்ளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதாகி, கால் வலுவாகிவிட்டது என்று ஆசிரியை சொல்லும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். அந்தக் கட்டம் வந்தால் ஒரு சோடி 40 பவுண்டைத் தாண்டும். ஒரு வருடம் முன்பே அதற்கென்று மாதாமாதம் சிறு தொகை ஒதுக்குவது நல்லது.

வருட இறுதி நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒவ்வொரு நடனத்துக்கும் தனி உடை, தனிக் கட்டணம். சேரும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: நிகழ்ச்சி உடைக்கு எவ்வளவு, வாடகைக்குக் கிடைக்குமா, நிகழ்ச்சியில் சேராமல் வகுப்பில் தொடரலாமா. சீருடைச் செலவைக் குறைக்கச் சொல்லும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் பொதுப் பள்ளிகளுக்கானது, தனியார் நடனப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. கவுன்சில் தரும் சீருடை மானியமும் பள்ளிச் சீருடைக்குத்தான். ஆகவே பேச வேண்டியது நேரே ஆசிரியையிடம்தான். "இந்தப் பருவத்தில் காலணி வாங்குகிறேன், மற்றதை ஈஸ்டருக்குப் பிறகு வாங்கலாமா?" என்று எழுதினால் போதும். குடும்ப வருமானம், கடன் எதையும் விளக்க வேண்டாம். பெரும்பாலான ஆசிரியைகள் ஒரு பிள்ளையை இழப்பதைவிட நிறம் மாறிய லியோடார்டைப் பொறுத்துக்கொள்வார்கள். பிள்ளை படிக்கும் தொடக்கப் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள். ராயல் பாலே 1991இல் தொடங்கிய 'சான்ஸ் டு டான்ஸ்' போன்ற திட்டங்கள் பள்ளிகளுக்கே வந்து இலவசமாகக் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

முதலில் சொன்ன சகோதரி அன்றே எங்கள் மேசையில் அமர்ந்து ஆசிரியைக்கு மூன்று வரி எழுதி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. பழைய லியோடார்டிலேயே வரலாம், பாவாடை பள்ளி அலமாரியில் இரண்டு கிடக்கிறது, குதிகால் காலணி தேர்வு நெருங்கும்போது போதும் என்று. பிள்ளை ஏழு வகுப்புகளைத் தவறவிட்டிருந்தாள்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். சின்னதாகிப் போன பாலே காலணி, லியோடார்ட், கேரக்டர் பாவாடை இருந்தால் துவைத்துக் கொண்டுவந்து போடுங்கள். எலாஸ்டிக்கை வெட்டிவிடாதீர்கள். பாயின்ட் காலணி மட்டும் வேண்டாம். தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம். படிவம் கிடையாது, பெயரும் எழுத வேண்டியதில்லை. இப்போதைக்குப் பத்தாம் அளவுக்குக் கீழே காலணி நிறைய இருக்கிறது, பன்னிரண்டும் அதற்கு மேலும் குறைவாகத்தான் இருக்கிறது.