இறக்கம் கற்றவரே சாரதி

கொழுந்து லொறியில் கிளீனராக ஏறி, மூடை சுமந்து, டயர் மாற்றி, ஒருநாள் தானே ஸ்டியரிங்கைப் பிடிப்பது: நமது தோட்டப்புற இளைஞர் பலர் சாரதியாகும் வழி இதுவே. தொழிலை அருகிருந்து பார்க்க இது நல்ல பள்ளிதான். ஆயினும் கினிகத்தேனை, இறம்பொடை இறக்கங்களில் பாரத்துடன் வண்டியை இறக்குவதற்கு, பார்த்த பழக்கம் மட்டும் போதாது.

இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது மிதித்தால் என்ன நடக்கிறது? உராய்வினால் லைனிங்கும் டிரம்மும் கடுமையாகச் சூடேறுகின்றன. சூடு அளவைத் தாண்டியதும் பிடிப்புக் குறைகிறது. கால் மிதித்தபடியே இருக்க, வண்டி வேகமெடுக்கிறது. பாரம் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்திருக்கும்படி இறங்க வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, இறங்குவதற்கும் அதே கியர் அல்லது அதற்குக் கீழ் என்பது பழைய சாரதிகளின் கணக்கு. டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் விடுபவர் இந்தப் பிடியையே கைவிடுகிறார். நானுஓயா ரதல்ல குறுக்குவீதியின் இறக்கத்தில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ், வேன், முச்சக்கரவண்டி மோதுண்டு 7 பேர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்தது அனுமதிப்பத்திரம். மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு 'சி1' வகுப்பும், அதற்கு மேற்பட்டதற்கு 'சி' வகுப்பும் வேண்டும். கார் ஓட்டும் அனுமதி இங்கு செல்லாது. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழும் அவசியம். உரிய அனுமதியின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம்.

வேலையில் சேரும்போதே சம்பளத்தைப் பற்றித் தெளிவாகக் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படும். முதலாளி 12 வீதம் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் அவர் பொறுப்பே. பணம் கட்டப்படாவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். 'டிரிப்' கணக்கில் மட்டும் கூலி தரும் இடத்தில், வேகமும் மேலதிக பாரமும் தாமாகவே தேடி வரும்.

காலையில் வண்டியை எடுக்குமுன் பிரேக், டயர், விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள். பழுதான வண்டியை எடுக்க மறுத்தால் ஒருநாள் கூலி போகலாம். அந்தப் பழுது இறக்கத்தில் தெரியவந்தால், லயத்தில் காத்திருக்கும் குடும்பமே நிர்க்கதியாகிவிடும்.