பாத்திரம் கழுவும் நீரில் ஒரு கண்டுபிடிப்பு

எண்ணெய்ச் சட்டியைக் கழுவப் போட்டதும் நீரின்மேல் மெல்லிய பிசுக்குப் படலம் பரவுவதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். சோப்பை எடுத்துத் தேய்ப்பதோடு அந்த விஷயம் முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ 1880-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், பதினெட்டு வயதுப் பெண் ஒருவருக்கு அது முடியவில்லை.

அவர் பெயர் ஆக்னெஸ் பொக்கெல்ஸ். 1862-இல் வெனிஸ் நகரில் பிறந்தவர். இயற்பியலில் தீராத ஆர்வம். ஆனால் அந்நாளில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்ப்பதில்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணுவதும் சமையலும் வீட்டு வேலைகளுமே அவருக்கு வாய்த்தன. தம்பி பிரீட்ரிக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். அவருடைய புத்தகங்களை அக்காவும் படித்தார்.

நீரின் உள்ளே இருக்கும் மூலக்கூற்றை அண்டை மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இழுக்கின்றன. மேற்பரப்பில் உள்ளதற்கோ மேலே இழுக்க ஆளில்லை. ஆகவே பரப்பு, இழுத்துக் கட்டிய தோலைப்போல் நடந்துகொள்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. பிசுக்குப் பட்டதும் இந்த விசை மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது? ஆக்னெஸ் அளக்க விரும்பினார்.

அதற்கு அவர் அமைத்த கருவி வெறும் தகரத் தொட்டிதான். நீளம் 70 செ.மீ., அகலம் 5 செ.மீ., உயரம் 2 செ.மீ. அதில் விளிம்புவரை நீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை நீரைத் தொடும்படி வைத்தார். பட்டையை நகர்த்தினால் ஒரு பக்கத்துப் பரப்பு சுருங்கும். மறுபக்கத்துப் பரப்பு விரியும். சிறு வட்டத்தகடு ஒன்றை நீர்ப்பரப்பிலிருந்து பிரித்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று தராசில் பார்த்தால் இழுவிசை தெரிந்துவிடும். இதே பட்டையால் பரப்பில் உள்ள அழுக்கை ஒரு மூலைக்கு ஒதுக்கவும் முடிந்தது. இதன் அருமை ஆசிரியர்களுக்குத் தெரியும்! நுண்புழைக் குழாயில் இழுவிசை காணும் என் மாணவர்களுக்கு ஆளுக்கொரு விடை வரும். பெரும்பாலும் குழாயைச் சரியாகக் கழுவாததே காரணம்.

தூய நீரில் பட்டையை எங்கே நகர்த்தினாலும் இழுவிசை மாறவில்லை. சிறிது எண்ணெய் பட்ட நீரிலோ, பரப்பு விரிந்திருக்கும்வரை இழுவிசை தூய நீருக்கு உள்ள அளவிலேயே நின்றது. பட்டையை நெருக்கி நெருக்கிக் கொண்டுவந்தபோது, ஒரு குறிப்பிட்ட எல்லையில் சட்டென்று குறையத் தொடங்கியது. ஏன் அப்படி? எண்ணெய் மூலக்கூறுகள் முதலில் இடைவெளி விட்டுக் கிடக்கின்றன. நெருக்கும்போது, தேர்த் திருவிழாக் கூட்டம்போல் தோளோடு தோள் முட்டுகின்றன. அந்த எல்லையில் படலத்தின் கனம் ஒரே ஒரு மூலக்கூறுதான் என்று 1899-இல் ராலே பிரபு காட்டினார்.

ராலேக்கு இதில் எப்படித் தொடர்பு? இங்கிலாந்தில் அவரும் நீர்ப்பரப்பை ஆராய்வதை அறிந்த ஆக்னெஸ், 1891 ஜனவரியில் ஜெர்மன் மொழியில் அவருக்குக் கடிதம் எழுதினார். பட்டமில்லாத, முன்பின் தெரியாத பெண்ணின் கடிதம். ராலே அதை ஒதுக்கவில்லை. மொழிபெயர்க்கச் செய்து, வெளியிட வேண்டுமென்று 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். மார்ச் 12-ஆம் தேதி இதழில் வந்தது. சோதனை தொடங்கிப் பத்தாண்டுகளுக்குப் பிறகு!

அமெரிக்காவின் லாங்மியூர் இத்தகைய தொட்டியைச் செம்மைப்படுத்திப் பரப்பு வேதியியலை வளர்த்தார். 1932-இல் நோபெல் பரிசு பெற்றார். அதே 1932-இல், எழுபது வயது ஆக்னெசுக்குப் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1935-இல் அவர் காலமானார். இன்று ஆய்வகங்களில் அந்தத் தொட்டிக்கு வழங்கும் பெயர் லாங்மியூருடையது. எனக்கு அது சற்று உறுத்தத்தான் செய்கிறது.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். அகன்ற தட்டில் நீர் ஊற்றி, கற்பூரத் துணுக்கு ஒன்றை மிதக்க விடுங்கள். அது தானாகவே சுழன்று ஓடும். இப்போது தலைமுடியைத் தடவிய விரலால் நீரைத் தொடுங்கள், ஓட்டம் நின்றுவிடும். முதலிலேயே ஓடவில்லையா? தட்டில் எண்ணெயோ சோப்போ மிச்சமிருக்கிறது. நன்றாக அலசிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.