அரக்கில் பதிந்த ஐந்து கட்டை

நாடகப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா இறந்தபோது தமிழ் சினிமா பேசத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. 1906 ஆகஸ்டில் பிறந்தவர், 1933 டிசம்பரில் போய்விட்டார். வயது 27. எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதே 1938-இல்தான். நம் ஊரில் டேப் ரெக்கார்டர் அதற்கும் பிந்தைய சமாச்சாரம். நாடகக் கொட்டகைகளை நிரம்பி வழியவைத்த அந்தக் குரலில் நமக்கு மிஞ்சியவை பத்தங்குலக் கறுப்புத் தட்டுகள் மட்டுமே.

அந்தத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வளையங்கள் தெரியும். உண்மையில் இருப்பது ஒரே கோடு. ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே போய், லேபிளுக்கு அருகில் முடிகிற ஒரே வரிப்பள்ளம். அதாவது ஊசி ஓடும் பாதை. நிமிடத்துக்கு 78 சுற்று வீதம் மூன்று நிமிடத்துக்குச் சுமார் 235 சுற்று. அதைப் பிரித்து நீட்ட முடிந்தால் 125 மீட்டர் வரும். பள்ளத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு.

கோடு நேராக ஓடினால் சத்தமே வராது. இடதும் வலதுமாக அது நெளிய வேண்டும். அந்த நெளிவுதான் பாட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. அந்தக் கால நாடகப் பாடகர்கள் நாலரை, ஐந்து கட்டை சுருதியில் பாடினார்கள். ஐந்து கட்டையில் மேல் ஸ்தாயி ஸட்ஜத்தைப் பிடித்து நின்றால் அதன் அலைவெண், அதாவது ஒரு நொடிக்கான அதிர்வுகளின் எண்ணிக்கை, ஏறத்தாழ 392. தட்டு ஒருமுறை சுற்ற முக்கால் நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஆக ஒரு சுற்றில் முந்நூறு நெளிவுகள். பலமாகப் பாடும்போதுகூட ஒவ்வொரு நெளிவும் பள்ளத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகும் தூரம் தலைமுடியின் தடிமனில் பாதிதான். கமகம் என்று நாம் தலையாட்டும் சங்கதி முழுக்க இந்த இடைவெளிக்குள் நடக்கிறது.

ஏற்காடு மலையின் மஞ்சக்குட்டையில் ஒரு நண்பரின் காபித் தோட்டத்து வீட்டில் சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோன் ஒன்று இருக்கிறது. ஏற்காட்டில் மழை பிடித்தால் கரண்ட் போவது சகஜம். அந்தப் பெட்டிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அதற்குள் மின்சாரம் என்று எதுவுமே கிடையாது, ஆம்ப்ளிஃபையரும் இல்லை. இருந்தும் கூடம் முழுக்கக் கேட்கிறது. அவர் ஒருநாள் மேல்பலகையைக் கழற்றிக் காட்டினார். அடியில் சுருள்வில். அதன் இழுவை முதலில் பலமாகவும் போகப் போகத் தளர்ந்தும் இருக்கும், ஆனால் தட்டு சீராகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் சுருதி சரிந்துவிடும். அதற்காக ஒரு தண்டில் மூன்று ஈயக் குண்டுகளை மெல்லிய பட்டைவில்களில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும். விரிந்தால் ஒரு சிறு சக்கரம் இழுபட்டுத் தோல் பட்டையில் உரசும். உரசினால் வேகம் குறையும். குறைந்தால் குண்டுகள் அடங்கும், உரசல் விடும். பாட்டு முடியும்வரை இந்தப் பேரம் நடந்துகொண்டே இருக்கிறது.

தட்டின் மேல் உட்காருவது சவுண்ட் பாக்ஸ். ஊசி பக்கவாட்டில் ஆட, அது ஒரு நெம்புகோலை ஆட்ட, அது ஒரு மெல்லிய சவ்வை உந்துகிறது. சவ்வு பழைய பெட்டிகளில் மைக்கா, பிந்தியவற்றில் அலுமினியம். சவ்வு தள்ளும் காற்று, விரிந்துகொண்டே போகும் குழாய் வழியாக அறைக்குள் வருகிறது. அவ்வளவுதான் இயந்திரம். இந்த ஆட்டத்துக்கு வேண்டிய சக்தி முழுவதையும் தட்டிடமிருந்தே பிடுங்க வேண்டியிருப்பதால், சவுண்ட் பாக்ஸை நூறு கிராமுக்கு மேல் கனமாகச் செய்தார்கள். கனம் என்னவோ கொஞ்சம்தான், ஆனால் அது இறங்கும் இடம் ஊசிமுனை. கணக்கிட்டால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன்னைத் தாண்டும் அழுத்தம். விரல் நகத்தின் மேல் ஒரு சிறிய காரை நிறுத்தியது போல. அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு பாட்டு தலைமுடிப் பாதி நெளிவைக் காப்பாற்ற வேண்டும்.

எப்படித் தாங்குகிறது? இங்கேதான் பூச்சி வருகிறது. தட்டு பிளாஸ்டிக் அல்ல. அதை இறுக்கிப் பிடித்திருப்பது அரக்கு. குசும், இலந்தை, பலாசு மரக்கிளைகளில் ஒட்டிச் சாறு குடிக்கும் ஒரு குட்டிப் பூச்சி தன் மேல் சுரந்துகொள்ளும் பிசின். ஒரு கிலோவுக்கு லட்சக்கணக்கான பூச்சிகள் உழைக்க வேண்டும். உலகத்துக்கே அரக்கு போனது பெரும்பாலும் சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்துதான். நியூயார்க்கிலும் லண்டனிலும் சுழன்ற தட்டுகளில் நம் ஊர்ப் பூச்சியின் பங்கு இருந்தது. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகையும் இதே பொருள்தான், அதனால் தட்டைத் தீப்பக்கம் வைக்காதீர்கள்.

ஆனால் தட்டில் அரக்கு ஏறத்தாழ கால் பங்குதான். மிச்சமெல்லாம் அரைத்த கல்தூள், கொஞ்சம் பஞ்சு இழை, கறுப்புக்குக் கரிப்பொடி. இசைத்தட்டில் கல்லைப் போடுவார்களா? போட்டார்கள், வேண்டுமென்றே. எஃகு ஊசி புதிதாக இருக்கும்போது அதன் முனை பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாது. முதல் சில சுற்றுகளில் கல்தூள் அதைச் சாணைபிடித்துப் பள்ளத்தின் வடிவத்துக்கே கொண்டுவந்துவிடும். பிறகு பொருந்தி ஓடும். ஒரு பக்கம் முடிவதற்குள் தேய்ந்து ஓரம் கூராகிவிடும். ஆகவே பாட்டுக்கு ஒரு ஊசி. நாய் படம் போட்ட தகரடப்பியில் இருநூறு ஊசி விற்றதன் ரகசியம் இதுதான். சிக்கனம் பார்த்துப் பழைய ஊசியையே போட்ட வீடுகளின் தட்டுகளை இன்று கேட்டாலே தெரியும். பள்ளத்தை உழுதிருக்கும்.

பதிவுசெய்வது எப்படி என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1902 நவம்பரில் ஃபிரெட் கைஸ்பர்க் என்ற இளைஞர் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தா வந்து, ஓட்டல் அறையில் குழாயை நிறுத்தி பாடகி கௌஹர் ஜானைப் பாடவைத்தார். குழாயின் மறுமுனையில் கெட்டியான மெழுகுத் தட்டு. பாடும் காற்று தள்ளத் தள்ள, கூர்முனை மெழுகைச் செதுக்கும். மெழுகைத் தொட்டால் கெட்டுவிடும், திரும்பப் போட்டுக் கேட்கவும் முடியாது. அதன் மேல் மின்கடத்தும் பொடியைத் தடவி, தாமிரக் கரைசலில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி உலோகத் தோல் வளர்ப்பார்கள். தோலை உரித்தால் பள்ளங்கள் மேடுகளாக இருக்கும் எதிர்ப்படிமம். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று மூன்று தலைமுறை கடந்தால் அச்சுத்தட்டு தயார். சூடான அரக்குக் கலவையை அதனடியில் வைத்து நசுக்கினால் ஒரு தட்டு. முதலில் இந்த வேலையெல்லாம் ஜெர்மனியின் ஹனோவரில் நடந்தது. பாடியவர் யாரென்று அங்குள்ள ஆட்களுக்குத் தெரிய வேண்டுமே என்று, பாட்டின் கடைசியில் கலைஞரே தன் பெயரை உரக்கச் சொல்லிவிடுவார். 1908-இல் கல்கத்தாவிலேயே ஆலை வந்த பிறகுதான் மெழுகின் கடல் பயணம் குறைந்தது.

குழாய் எல்லாக் குரலையும் ஒரேபோல் ஏற்றுக்கொள்ளாது. மின்சாரமில்லாத பதிவில் ஏறத்தாழ 250 முதல் 2500 அதிர்வுவரைதான் தேறும். மிருதங்கத்தின் தொப்பி அடி, தம்புராவின் அடிநாதம் எல்லாம் வெளியே நின்றுவிடும். 1925-இல் மைக்கும் மின்முறைப் பதிவும் வந்து எல்லை 5000-ஐத் தாண்டியது. கிட்டப்பாவின் காலம் சரியாக இந்த மாற்றத்தின் மேல் விழுகிறது. இங்கே எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம் உண்டு. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை மண்தரை ஆசாமிக்கும் கேட்க வேண்டுமென்றால் பாடகர் என்ன செய்ய வேண்டும்? சுருதியைத் தூக்க வேண்டும். தொண்டையைத் திறந்து, நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2000 முதல் 4000 வரையிலான மேலதிர்வுகளில் பலத்தைக் கூட்ட வேண்டும். கிராமபோனுக்கும் அடிநாதம் வேண்டாம், நடுவும் மேலும் இருந்தால் போதும். கொட்டகைக்காகப் பழகிய குரல் இயந்திரத்துக்காகவே பிறந்தது போல ஆகிவிட்டது. கச்சேரி மேடையில் ஒன்றரைக் கட்டையில் மந்தரத்தில் உலாவிய வித்வான்களில் பலர் தட்டில் மங்கித் தெரிவதற்கும், நாடகக்காரர்கள் எகிறித் தெரிவதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தட்டு எவ்வளவைத் தின்றது என்று அளக்க நமக்கு ஒரு வழி இருக்கிறது. கிட்டப்பாவை 1927-இல் மணந்த கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் இரண்டு யுகத்திலும் பாடினார். அவருடைய பழைய தட்டு ஒன்றையும் 1953-இன் 'அவ்வையார்' படப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குரலின் எலும்பு இரண்டிலும் ஒன்று. படத்தில் கூடுதலாக வருவது சதை: மூச்சு, சகாரங்களின் சீறல், நெஞ்சுக்குள்ளிருந்து எழும் கனம். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கிட்டப்பாவைக் கேட்டால், தட்டில் இல்லாததையும் காது ஓரளவு இட்டு நிரப்பிக்கொள்ளும்.

அதே 1933-இல் உலகின் மறுபக்கத்திலும் இப்படி ஒன்று நடந்தது. ஜிம்மி ரோட்ஜர்ஸ், ரயிலில் பிரேக் பிடிக்கும் வேலை பார்த்தவர், அமெரிக்க 'கன்ட்ரி' இசையின் தந்தை என்று இன்று சொல்லப்படுபவர். 1927 ஆகஸ்டில் டென்னசி மாநிலத்து பிரிஸ்டல் ஊரில் முதல் தட்டுக்குப் பாடினார். காசநோய். கடைசிப் பதிவின்போது ஸ்டுடியோவில் கட்டில் போட்டு, பாட்டுக்குப் பாட்டு படுத்து எழுந்து பாடினார். சில நாளில், மே 26 அன்று, 35 வயதில் இறந்தார். அவருடைய தனிமுத்திரை தொண்டையைச் சட்டென உடைத்து மேலே தாவும் பாட்டு. அதுவும் இயந்திரத்துக்கு இஷ்டமான உயரம்தான். அவர் தட்டுகள் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் போய்ச் சேர, அவர்கள் பாதி மனிதன் பாதி மானாக அவரையே ஒரு பாட்டுக்குள் வைத்துவிட்டார்கள். 1950-இல் இசை ஆய்வாளர் ஹியூ ட்ரேசி அதைப் பதிவு செய்தார். ரோட்ஜர்ஸுக்கு 1929-இல் எடுத்த ஒரு குறும்படமாவது இருக்கிறது. கிட்டப்பாவுக்கு அதுவும் இல்லை.

மூன்று நிமிடம் என்ற வேலிக்குள் நாடகப் பாட்டை அடைப்பது லேசல்ல. மேடையில் 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்க நீளும் பாட்டு அது. தட்டுக்கு ஆலாபனையை நறுக்கி, விருத்தத்தைச் சுருக்கி, மீறினால் மறுபக்கத்துக்குத் தள்ளினார்கள். இன்னொரு சிக்கலைக் கேட்பவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு சுற்று 75 சென்டிமீட்டர், லேபிள் பக்கம் அதில் பாதிகூட இல்லை. சுற்றும் நேரமோ ஒன்றுதான். ஓரத்தில் இரண்டரை மில்லிமீட்டரில் சாவகாசமாக நெளிந்த அதே ஸட்ஜம் உள்ளே ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் நெருக்கியடித்து நெளிய வேண்டும். நுட்பமான மேலதிர்வுகள் ஊசிமுனையின் பருமனுக்கே இறங்கிவிடும், ஊசி அவற்றை மழுப்பிவிடும். பாடகர் உச்சத்துக்குப் போவதோ எப்போதும் பாட்டின் கடைசியில். மிகச் சிறந்த இடம் மிக மோசமான பள்ளத்தில் போய் விழுகிறது.

கட்டை விவகாரத்துக்கு வருவோம். 78 என்பது எல்லாத் தட்டுக்கும் சத்தியவாக்கு அல்ல. 76-இலும் 80-இலும் செதுக்கிய மெழுகுகள் உண்டு. 76-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ கால் கட்டை ஏறும், குரலும் இளைத்துச் சுறுசுறுப்பாகும். அரைக் கட்டை வித்தியாசத்துக்கு வேகம் ஆறு சதவீதம் மாறினால் போதும். 'அந்தக் காலத்து ஆள், ஆறு கட்டை!' என்று யாராவது இணையத்தில் கேட்டுவிட்டுச் சிலிர்த்தால், தட்டு எந்த வேகத்தில் ஓடியது என்று ஒரு வார்த்தை கேட்டுவைக்கலாம். பின்னணி ஆர்மோனியம்தான் நல்ல சாட்சி. அதன் ரீடு எந்தக் கட்டைக்கும் பொருந்தாமல் இடையில் தொங்கினால் வேகம் தப்பு என்று சந்தேகிக்கலாம்.

மலையில் தட்டுக்கு எதிரி வேறு. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர். மழை மாதங்களில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். மஞ்சக்குட்டை நண்பரின் தட்டுகளில் சாம்பல் நிறத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூசணம் பூத்திருந்தது. துடைக்க ஸ்பிரிட்டை எடுத்தவரின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. மர பாலிஷ்காரர்கள் அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? ஒரு இழுப்பில் பாட்டு பஞ்சோடு வந்துவிடும். சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீர், மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பு, லேபிள் நனையாமல். அவ்வளவுதான் வைத்தியம்.

தேய்ந்த தட்டுக்கும் கதி இருக்கிறது. எஃகு ஊசி பள்ளத்தின் ஒரு குறிப்பிட்ட ஆழத்தைத்தான் உழுதிருக்கும். அதைவிடச் சற்றுத் தடித்த அல்லது மெலிந்த முனையை இறக்கினால், யாரும் தொடாத சுவரில் அது சாய்ந்து ஓடும், தொண்ணூறு வருடமாகக் கெடாத ஒலி அங்கே காத்திருக்கும். அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்ற இயற்பியலாளர் ஒரு படி மேலே போய், ஊசியையே ஒழித்துவிட்டார். பள்ளத்தை நுண்ணிய படங்களாக எடுத்து, நெளிவுகளைக் கணினி அளந்து, பாட்டை மீட்கும் முறை அது. உடைந்த தட்டின் துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கூடப் பாடவைக்கிறார்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் சேகரிப்பாளர்களின் அலமாரிகளிலும் பழைய தமிழ்த் தட்டுகள் கிடக்கின்றன. பரணில் கிடப்பவை எத்தனையோ.

உங்கள் பரணிலும் இருந்தால் லேபிளை மட்டும் படித்துவிட்டு 'இது இருக்கிறதே' என்று ஒதுக்காதீர்கள். லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான கறுப்பு வளையத்தில் மெழுகிலேயே கீறிய ஒரு எண் பதிந்திருக்கும். ஒரு பாட்டை இரண்டு மூன்று முறை பாடவைத்து எடுப்பது வழக்கம். பல கம்பெனிகள் எத்தனையாவது முறை என்பதை அந்த எண்ணின் வாலில் குறித்தார்கள். முதல் அச்சு தேய்ந்ததும், லேபிளை மாற்றாமல், இன்னொரு முறை பாடியதை அதே தட்டாக அடித்து விற்றதும் உண்டு. பார்ப்பதற்கு ஒரே தட்டு. வால் எண் வேறாக இருந்தால், அது கிட்டப்பா அந்தப் பாட்டை வேறுவிதமாகப் பாடிய வேறு மூன்று நிமிடம்.