சிப்மங்க்: விமானிகளின் அரிச்சுவடி

பெரும் புலவரும் ஒரு நாள் அரிச்சுவடி படித்தவரே. போர் விமானம் ஓட்டுவோர்க்கும் அத்தகைய அரிச்சுவடி ஒன்று வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு அவ்வாறு அமைந்தது 'சிப்மங்க்' என்னும் சிறிய விசிறி விமானம்.

போர்க்காலத்தில் இப்பணியைச் செய்து வந்தது டைகர் மாத். 1931-ல் முதன்முதல் பறந்த அவ்விமானத்துக்கு மேலும் கீழுமாக இரண்டடுக்குச் சிறகுகள், மேல்மூடி கிடையாது. காற்றும் மழையும் ஆசிரியர், மாணவர் இருவர் முகத்திலும் அறையும். அதற்கு மாற்றாக டி ஹாவிலாண்ட் கம்பெனியின் கனடாக் கிளை செய்த சிப்மங்க், 1946 மே 22-ஆம் நாள் டொராண்டோவை அடுத்த டவுன்ஸ்வியூவில் முதன்முறையாக வானில் எழுந்தது. அதனை வடிவமைத்த யாகிமியூக் போலந்து நாட்டவர். தம் நாட்டில் போர் விமானங்களை அமைத்துப் பெயர் பெற்றவர். 1939-ல் ஜெர்மனி படையெடுக்கவே நாட்டைத் துறந்து வந்தவர். சிப்மங்க் என்பது வட அமெரிக்க அணில் ஒன்றின் பெயர். நம் அணிலைப் போலவே அதன் முதுகிலும் கோடுகள் உண்டு.

இவ்விமானத்துக்கு உலோக உடல். தாழ அமைந்த ஒற்றைச் சிறகு. 145 குதிரைச் சக்தி எஞ்சின். வேகம் மணிக்கு 138 மைலுக்கு மேல் போகாது. ஒரே கண்ணாடிக் கூரையின் கீழ் இருவர் ஒருவர் பின் ஒருவராக அமர்வர். இருவர் முன்னும் கட்டுப்பாட்டுக் கோல் உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். டைகர் மாத்தில் ஆசிரியர் முன்னே இருந்தார், மாணவர் பின்னே. சிப்மங்க்கில் இது தலைகீழாயிற்று. மாணவர் கண்முன் இருப்பது வானம் மட்டுமே. முதன்முறை தனியே பறக்கும் நாளிலும் முன்னே தெரியும் காட்சி மாறுவதில்லை. பின்னாலிருந்து வரும் குரல்தான் இல்லை. இந்த மாற்றத்தின் அருமையை வகுப்பறை ஆசிரியர்க்கு விளக்க வேண்டியதில்லை.

கற்பதற்கு ஏற்ற விமானம் என்றால் மிக எளிய விமானம் என்று பொருளன்று. சிப்மங்க்குக்கு மூன்றாம் சக்கரம் வாலில் இருந்தது. ஆகவே தரையில் நிற்கும்போது மூக்கு உயர்ந்து, எதிரே உள்ள பாதையை மறைக்கும்; வளைந்து வளைந்து ஓட்டிச் சென்றே வழி காணவேண்டும். எழும்பும்போது எஞ்சினின் சுழற்சி விமானத்தை வலப்புறம் இழுக்கும். இடக்காலால் சுக்கானை மிதித்து நேர்செய்ய வேண்டும். காலைச் சும்மா வைத்திருப்பவனுக்கு ஓடுபாதை நேராக இராது.

எல்லாவற்றிலும் கடுமையான பாடம் சுழல் வீழ்ச்சி. வேகம் குறைந்த நிலையில் மூக்கை மேலும் உயர்த்தினால், சிறகின் மேல் ஓடும் காற்று ஒழுங்கு குலைந்து, தாங்கும் ஆற்றல் போய்விடும். ஒரு பக்கச் சிறகு மற்றதைவிட முன்னதாகத் தளர்ந்தால் விமானம் திருகாணி போலச் சுழன்று கீழே விழும். எந்த விமானத்துக்கும் நேரக்கூடியது இது. ஆதலால் ஆசிரியர் உயரத்துக்குச் சென்று வேண்டுமென்றே விமானத்தைச் சுழலவிட்டு, மீளும் வழியைக் கற்பிப்பார். சுழலும் திசைக்கு எதிராகச் சுக்கானை முழுவதும் மிதிக்க வேண்டும். சற்றுத் தாமதித்துக் கோலை முன்னோக்கித் தள்ள வேண்டும்.

சொல்வதற்கு எளிது. தரை சுழன்று மேலெழுந்து வருவதாகத் தோன்றும் வேளையில், மூக்கை இன்னும் தாழ்த்தும் செயலை மனம் மறுக்கும். மேலும் சிப்மங்க்குக்கு ஒரு குணம் உண்டு. கோல் முன்னே போகப்போக அது கையை எதிர்க்கும். சுழற்சி நிற்பதற்குச் சற்று முன்னர் இன்னும் விரைவுபடும். செய்தது தவறு என்று அஞ்சிக் கோலைப் பின்னிழுப்பவன் சுழலிலேயே சிக்கிக்கொள்வான். உறுதியாகத் தள்ளிக்கொண்டே இருப்பவன் மீள்வான். மீளாது மாண்டவர்களும் உண்டு. அதனால் பின்னாளில் வாற்சிறகுக்கு முன்னே, உடலின் இருபுறமும், சுழற்சியை அடக்கும் ஒடுங்கிய தகடுகளைப் பொருத்தினர். ஆயினும் பாடத்தை எவரும் கைவிடவில்லை.

கனடாவில் 217, பிரிட்டனில் 1,000, போர்ச்சுகலில் 66 என இவ்விமானங்கள் உருவாயின. 1952-ல் எடின்பரோ கோமகன் பிலிப் பறக்கக் கற்றதும் இதில்தான். 1951-ல் தோன்றிய இலங்கை விமானப்படையின் முதல் விமானங்கள் சிப்மங்க்குகளே. மலாயாவில் துணை விமானப்படையினரும் இதில் பயின்றனர்.

பிரிட்டிஷ் விமானப்படை 1996-ல் சிப்மங்க்கைப் பயிற்சிப் பணியிலிருந்து விலக்கியது. எனினும் உலகப் போர்க்கால ஸ்பிட்பயர் விமானங்களைப் போற்றிப் பறக்கவிடும் அதன் நினைவுப் பிரிவு இரண்டு சிப்மங்க்குகளை விடாது வைத்துக்கொண்டது. ஸ்பிட்பயருக்கும் வாலில்தான் சக்கரம். ஒலியை முந்தும் ஜெட் விமானங்களை ஓட்டித் தேர்ந்தவர்களும் அதில் ஏறுமுன், இந்தச் சிறிய விமானத்தில் அமர்ந்து ஓடுபாதையில் நேராக ஓடப் பழக வேண்டியிருந்தது.