பச்சை உடம்புக்கு என்ன பத்தியம்?

பிள்ளை பெறுவது பெண்ணுக்கு மறுபிறவி என்பார்கள்.

பிள்ளை பெற்றவளைப் "பச்சை உடம்புக்காரி" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவள் பளு தூக்கக் கூடாது. குளிர்ந்த காற்று படக் கூடாது.

திருவாடானைப் பக்கத்திலும் இதே வழக்கம்தான். தலைப்பிரசவம் என்றால் தாய் வீடு. இப்போது பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் வைத்தியம் தொடங்கிவிடும்.

மஞ்சள் பூசி, வேப்பிலை போட்ட வெந்நீரில் குளியல். தலைக்குச் சாம்பிராணிப் புகை. வயிற்றில் பழைய நூல் புடவைக் கட்டு. சுக்கு, மிளகு, திப்பிலி இடித்துக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய மருந்து.

சுறாப்புட்டு

திருவாடானைக்குக் கிழக்கே தொண்டிக் கடல். கடற்கரை வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டுதான் விருந்து.

சுறாவை மஞ்சள் போட்டு அவிப்பார்கள். தோலை உரித்து உதிர்ப்பார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு சேர்த்து வதக்குவார்கள். இதைத் தின்றால் பால் ஊறும் என்பது நம்பிக்கை.

சுறாவில் புரதச் சத்து உண்டு. ஆனால் பெரிய சுறாவின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும். அது குழந்தைக்கு ஆகாது. சிறிய சுறாவை எப்போதாவது சமைக்கலாம். சாளை, நெத்திலி இன்னும் நல்லவை. பால் ஊற முக்கியமான வழி ஒன்று உண்டு. குழந்தை சப்பச் சப்பப் பால் ஊறும்.

பாட்டி சொன்ன கணக்கு

40 நாள் ஓய்வு வேண்டும் என்றார்கள் பாட்டிகள். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய 6 வாரம் ஆகும் என்கிறது மருத்துவம். இரண்டும் ஒரே கணக்குதான்! சீனாவிலும் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாத ஓய்வு உண்டு. மெக்சிகோவில் 40 நாள்.

இவற்றை விட்டுவிடுங்கள்

"தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்" என்று சில வீடுகளில் தாயை வாட்டுவார்கள். இது தவறு. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் அதிகம் வேண்டும்.

முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைச் சிலர் பீய்ச்சிக் கொட்டுவார்கள். அது நோயைத் தடுக்கும் அமுதம். பிறந்த 1 மணி நேரத்துக்குள் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கக் கூடாது. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும்.

தொப்புளில் சாம்பல், சாணம் வைக்கக் கூடாது. இரண ஜன்னி வரலாம். சாம்பிராணிப் புகை குழந்தையின் மூச்சில் படக் கூடாது.

தாமதம் வேண்டாம்

உதிரம் நிற்காமல் போகிறதா? காய்ச்சலா? துர்நாற்றமா? கடும் தலைவலியோடு கண் மங்குகிறதா? வலிப்பா? கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். உலகம் எங்கும் பிரசவத்தில் தாயைப் பறிப்பதில் முதல் எமன் உதிரப்போக்குதான்.

ஓய்வும், நல்ல சாப்பாடும், தாய் வீட்டின் அரவணைப்பும் பாட்டி தந்த சொத்து. அதைக் காப்பாற்றுவோம். தாகத்தோடு தவிக்க விடுவதை மட்டும் மறந்துவிடுவோம்.