சிப்பந்திகளிடம் மறைப்பதேன்?

கம்ப்யூட்டர் திருடர்கள் ஒரு கம்பெனியைத் தாக்கினால், செய்தியை முதலில் அறிகிறவர் நிர்வாகஸ்தர், அடுத்தவர் வக்கீல், அப்புறம் சர்க்கார். கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும், யந்திரத்தருகே நிற்கும் தொழிலாளிக்கும் கடைசியில்தான் அது எட்டுகிறது. சில சமயங்களில் பத்திரிகையைப் பார்த்தே அவர்கள் தெரிந்துகொள்ள நேரிடுகிறது. இது அநீதி மட்டுமன்று, மதியீனமுமாகும் என்பது நமது அபிப்பிராயம்.

நார்வே தேசத்து நார்ஸ்க் ஹைட்ரோ என்ற அலுமினியக் கம்பெனியை உதாரணமாகக் கொள்வோம். 2019-ஆம் ஆண்டில் அதில் சுமார் 40 தேசங்களில் 35,000 பேர் வேலை செய்துவந்தனர். அவ்வாண்டு மார்ச்சு 19-ந் தேதி, லாக்கர்கோகா என்ற நாச நிரல் அதன் கம்ப்யூட்டர்களில் புகுந்து தஸ்தாவேஜுகளைப் பூட்டிவிட்டது. பணம் கொடுத்தால் திறப்போமென்றனர் திருடர். கொடுக்க முடியாதென்றனர் கம்பெனியார். தாக்குதல் நடக்கிறதென்றும், எந்தக் கருவியையும் கம்பெனியின் இணைப்பில் மாட்டலாகாதென்றும் காகிதத்தில் அச்சிட்டு வாசற்கதவில் ஒட்டினர். சொந்த இணையதளம் முடங்கவே, பேஸ்புக் மூலம் செய்தி வெளியிட்டனர். நிதி அதிகாரி ஐவிந்த் கல்லேவிக் அன்றே பத்திரிகையாளரைக் கூட்டி, நிலைமை கடுமையென்பதை ஒளிக்காமல் சொன்னார்.

பலன் என்ன? ஆலைகள் பலவற்றில் வேலை கைமுறையாக நடந்தது. ஓய்வு பெற்றிருந்த பழைய தொழிலாளர் சிலரும் திரும்பி வந்து உதவினர். நஷ்டம் சிறிதன்று, அவ்வாண்டின் முற்பாதிக்கு மட்டும் 55 முதல் 65 கோடி குரோனர் என்று கம்பெனி மதிப்பிட்டது. ஆனால் நம்பிக்கை நஷ்டமாகவில்லை.

விஷயத்தை வெளியிட்டால் திருடனுக்கும் அது எட்டிவிடுமே என்பார்கள் சிலர். இதில் ஓரளவு உண்மையுண்டு. எந்தப் பூட்டை எப்படி மாற்றுகிறோம் என்பதைப் பறைசாற்ற வேண்டியதில்லை. ஆனால் தொழிலாளி கேட்பது அந்த ரகசியத்தையா? நாளை வேலைக்கு வரலாமா, எதைத் தொடக்கூடாது, சம்பளம் உரிய தேதியில் கிடைக்குமா, தன் சொந்த விவரங்கள் களவு போயினவா என்பவையே அவன் கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்வதால் திருடனுக்கு என்ன லாபம்? சொல்லாவிட்டால்தான் வதந்தி பரவும். உலை வாயை மூடலாம். ஊர் வாயை மூட முடியுமா?

மேலும், திருட்டுப் போவது முதலாளியின் பொருள் மட்டுமன்று. 2014 நவம்பரில் அமெரிக்காவில் ஸோனி பிக்சர்ஸ் கம்பெனி தாக்கப்பட்டபோது, சிப்பந்திகளின் சம்பளக் கணக்கும், வைத்திய விவரங்களும், சமூகப் பாதுகாப்பு எண்களும் உலகறிய வெளியாயின. முன்னாள் சிப்பந்திகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கம்பெனி சமரசம் செய்துகொண்டது. தன் பொருள் களவு போனதை அறிய உரிமையில்லாத மனிதன் உண்டா?

இந்தியாவில் ஸெர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தனக்குத் தெரிவிக்கும்படி கம்பெனிகளுக்கு விதிக்கிறது. சிப்பந்திக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்வதென்று அதில் விதியில்லை. சட்டம் விட்ட இடத்தை நிர்வாகஸ்தரின் நாணயம் நிரப்பட்டும்.

செய்யவேண்டியது எளிது. சிப்பந்திகளின் டெலிபோன் எண்களைக் காகிதத்திலும் எழுதி வைக்கவேண்டும். கம்ப்யூட்டர் முடங்கும் நாளில் அதிலுள்ள ஜாபிதா உதவாது. பேசுவதற்கு ஒருவரை முன்னதாகவே நியமிக்கவேண்டும். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொண்டு, அடுத்த அறிக்கை எப்போது என்று நேரம் குறிக்கவேண்டும். அந்த நேரம் தவறலாகாது.

ஆபத்துக் காலத்தில் உண்மை சொல்லாத முதலாளிக்கு, ஆபத்து நீங்கிய பின் தொழிலாளியின் விசுவாசத்தைக் கேட்க யோக்கியதை கிடையாது.