உங்களுக்குத் தெரியுமா? ஊர்க் கட்டுப்பாடு காத்த காடும் ஆறும்

● நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் பங்டி கிராமத்தைச் சுற்றி, 2012-ல் ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமூர் வல்லூறுகள் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். தோயாங் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிற வலையை மரங்களில் கட்டி, கொத்துக் கொத்தாகப் பிடித்தார்கள். படங்கள் வெளிவந்ததும் ஊரே தலைகுனிந்தது. அடுத்த ஆண்டு ஒரு பறவைகூட வலையில் சிக்கவில்லை! ஊர்ச்சபை தடை போட்டது. மீறினால் அபராதம் என்றது. அதனால் வருமானம் இழந்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். வெளியிலிருந்து பாராட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2013 நவம்பரில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய மூன்று வல்லூறுகளுக்கு நாகா, வோக்கா, பங்டி என்றே பெயர் வைத்தார்கள். புறாவைவிடச் சிறிய இந்தப் பறவை, எங்கும் இறங்காமல் அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போய்விடும்.

● பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதைச் சில மீனவ ஊர்கள் முறைவைத்துத் தீர்மானிக்கின்றன. இதற்குப் 'பாடு' என்று பெயர். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது. எல்லோரும் ஒரே இடத்தில் குவியவும் மாட்டார்கள். பாட்டில் பங்கு இல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை என்பது இதன் பெரிய குறை.

● ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா? மலைவாழ் மக்களே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. தோங்ரியா கோண்ட் மக்களும் அக்கம்பக்கத்தாரும் மாவட்ட நீதிபதி முன்னிலையில் கூடினார்கள். மலை எங்கள் தெய்வமான நியம ராஜாவுடையது, தர முடியாது என்றார்கள். 12 ஊர்களிலும் அதே பதில். 12 ஊர் போதுமென்று கணக்குப் போட்டவர்களின் கணக்குத் தப்பியது. 2014 ஜனவரியில் மத்திய அரசு சுரங்கத் திட்டத்தை நிராகரித்தது.

● மூங்கிலை மரம் என்று சொல்லி, வனத்துறை கையில் வைத்திருந்த காலத்தில், தன் மூங்கிலைத் தானே விற்கும் உரிமையை 2011-ல் வாங்கிய ஊர், மகாராஷ்டிரத்தின் மேந்தா லேகா. கட்சிரோலி மாவட்டத்துக் கோண்ட் பழங்குடி ஊர் அது. சுமார் 1,800 ஹெக்டேர் காடு அதன் பொறுப்பில் இருக்கிறது.

● மெக்சிகோவின் சேரான் ஊரில் 2011 ஏப்ரல் 15 அன்று, மரக் கடத்தல் லாரிகளை மறித்தவர்கள் புரேபெச்சா பழங்குடிப் பெண்கள். கடத்தல்காரர்களோடு மேயர், போலீஸ், அரசியல் கட்சிகள் எல்லோரையும் ஊர் வெளியேற்றியது. இன்றும் அங்கே கட்சித் தேர்தல் கிடையாது. பெரியோர் சபைதான் ஆட்சி.

● அமெரிக்காவின் கிளமத் ஆற்றில் 2002-ல் பல்லாயிரம் சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. மீன்களைக் காக்க யூரோக், காருக் பழங்குடிகள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் போராடி, நான்கு அணைகளை இடிக்க வைத்தார்கள். வேலை 2024-ல் முடிந்தது. சில வாரங்களிலேயே, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எட்ட முடியாதிருந்த மேல்பகுதிக்குச் சால்மன்கள் நீந்திப் போய்விட்டன.

● சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கும் வெடிச் சத்தம் கேட்காது. கல்யாணம், கோயில் திருவிழாவிலும் அப்படித்தான். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதாம். பல பத்தாண்டுகளாக இதுதான் ஊர் வழக்கம். வனத்துறை தீபாவளிக்கு இனிப்பு தந்து நன்றி சொல்கிறது. பண்டிகைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள், தயவுசெய்து பட்டாசை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.